மூன்று அருவிக்கு ஒரே எண்

ஆடி 9, வெள்ளி

நாற்பது சென்டிமீட்டரை அறுபதாக்குவது என்று இன்று காலை கூடி, டீ வரவழைத்து, ஒருமனதாக முடிவெடுத்தோம். நீர்மட்டம் அந்த எண்ணைத் தாண்டினால் மென்பொருள் அபாயச் சங்கை ஊதும். மெயின் அருவியில் அது சும்மா சும்மா ஊதுவதாகக் கடைக்காரர்கள் புகார். அதிகாரி கடவுச்சொல் போட, மாற்றினேன். சங்கு அடங்கியது. அதிகாரி கைகொடுத்தார்.

மாலையில் உடன் வேலை பார்க்கும் மும்தாஜ் திரையைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, ஐந்தருவியும் இந்த எண்ணைத்தானே எடுக்குது? அங்கன அறுபது வந்தா ஆளு நிக்க முடியுமா?"

மூன்று அருவிக்கும் ஒரே எண்ணைப் பொதுவாக வைத்தவன் நான்தான். மூன்று முறை தட்டச்சு செய்ய அலுப்பு.

திருத்த மறுபடியும் அதிகாரியின் கடவுச்சொல் வேண்டும். போன் செய்தேன்.

"திங்கட்கிழமை பாப்போம்வே. வெயில்லா அடிக்கி."

மும்தாஜ் சன்னலைக் காட்டினாள். மலை இருந்த இடத்தில் மேகம் மட்டும் இருந்தது.

ஐந்தருவிக் காவலரிடம் போனில் ஆட்களை வெளியேற்றச் சொன்னேன். "சங்கு ஊதட்டும் சார், உடனே இறக்கிருதேன்" என்றார். சங்கு ஊதாது என்றேன். "அப்பம் பயமில்லைல்லா" என்றார்.

இரவு ஒன்பது மணிக்கு அங்கே நீர்மட்டம் ஐம்பத்திரண்டு.