உன் புதன்கிழமை

காலை பதினொன்று இருபதுக்கு நீ இல்லை என்ற செய்தி வந்தது. கொள்ளுப்பிட்டியில் ஒரு கட்டடத்தின் உச்சியில் லிப்ட் மோட்டரைத் திறந்து வைத்திருந்தேன். உன் தம்பி படியேறி வந்து, "அத்தான், கீழ வாங்கோ" என்றான். டெங்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று முதல்நாள்தான் வார்ட்டில் சிரித்தாய். நான் நட்டுகள் எல்லாவற்றையும் இறுக்கி, மூடியைப் பூட்டிவிட்டுத்தான் இறங்கினேன். ஏன் என்று ஆறு மாதம் கழிந்தும் தெரியவில்லை.

நேற்று, நீ இரவல் வாங்கியிருந்த புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க உன் துணிப்பையை எடுத்தேன். அடியிலிருந்து பென்சில் சீவல் கொட்டியது. முகர்ந்து பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பிப்பது உன் முடிவு. எங்கோ குண்டு வெடித்து, பள்ளிக்கூடங்களை இடைநடுவில் மூடிய அந்த நாளில் பஸ் ஓடவில்லை. கொழும்புக் காலி வீதி நீளம் நடந்துபோய், பள்ளிக்கூடக் கேற்றடியில் தனியாக நின்ற மகளைத் தூக்கி வந்தாய். படியேறும்போதே, "என்னப்பா, இனி இவள் என்னோடதான் படிப்பாள்" என்றாய்.

"உனக்குப் படிப்பிக்கத் தெரியுமோ?"

"உங்களுக்குப் பிறக்கேக்கையே லிப்ட் திருத்தத் தெரியுமோ?"

பிறகு கொட்டாஞ்சேனையில் ஓர் அன்ரியைத் தேடிப் பிடித்தாய். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு தன் மூன்று பிள்ளைகளையும் வீட்டிலேயே படிப்பித்து ஆளாக்கியவர். புதன்கிழமைகளில், வழியில் மறித்தால் காட்ட அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் பையில் இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு, மகளுடன் வெள்ளவத்தையில் பஸ் ஏறுவாய். நான் ஒருநாளும் கூட வந்ததில்லை. பெண்கள் கூடிக் கதைக்கிற இடம் என்று நினைத்திருந்தேன்.

நீ போன பிறகு பின்னேர வேலை கேட்டு வாங்கி, காலையில் நானே படிப்பிக்கத் தொடங்கினேன். மோட்டர் பராமரிப்புக்குப் போடுவதுபோல் ஒரு பெரிய தாளில் பதினைந்து நிமிடக் கட்டங்கள் போட்டுச் சுவரில் ஒட்டினேன். எட்டு மணிக்குப் பெருக்கல், எட்டேகாலுக்கு வாசிப்பு. பிழை விட்டால் அந்தக் கட்டத்துக்குச் சிவப்பு. போன கிழமை அவள் அந்தத் தாளின் முன்னால் நின்று கேட்டாள்: "அப்பா, நான் பழுதாப் போனேனோ?"

அன்றைக்கே கனடாவிலிருந்து என் அக்கா போன் எடுத்தார். "கண்டியில நல்ல போர்டிங் பள்ளிக்கூடம் ஒண்டு, இடமும் பிடிச்சுப்போட்டன். ஆம்பிளை தனிய என்னெண்டு வளக்கிறது? புதன்கிழமை உங்கட நேரம் காலமை பத்து மணிக்கு எடுப்பன், ஓம் எண்டு சொல்லு." சொல்லத்தான் இருந்தேன். பிள்ளையை அனுப்புவதென்றால் அன்ரியிடம் இரவல் வாங்கிய புத்தகங்கள் எதற்கு என்று, திருப்பிக் கொடுக்க நேற்றுக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

அன்ரி தேத்தண்ணி தந்தார். சிவப்புக் கட்டங்களைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"உங்கட மனிசியும் போட்டவ தம்பி, இதே மாதிரி ஒரு டைம்டேபிள். முதல் மாசம் நீங்கள் இருக்கிற அந்தக் கதிரையில இருந்து அழுதவ. பிள்ளைக்கு அடிச்சுப்போட்டன் அன்ரி எண்டு."

"எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே."

"சொல்லாதேங்கோ எண்டவ. அவர் என்னைப் பெரிய டீச்சர் எண்டு நம்பிக்கொண்டிருக்கிறார், கெடுத்துப்போடாதேங்கோ எண்டு."

நீ அழுதாய் என்று கேட்டபோது, உன் செத்தவீட்டில் வராதது எனக்கு வந்தது. அன்ரி யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சொன்னார்: "சொந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்குடுக்க வெளிக்கிட்டா கோவம்தான் முந்தி வரும். அதாலதான் நாங்கள் பிள்ளையளை மாத்திக்கொள்ளுறது. உங்கட மகளுக்குக் கணக்குச் சொல்லிக்குடுத்தது முகத்துவாரத்தில இருந்து வாற தாயொராள். அவவின்ர ரெண்டுக்கும் தமிழ் வாசிப்பு உங்கட மனிசி. புதன்கிழமையில ஏழு பிள்ளையள் அவவிட்டத்தான் வாசிச்சதுகள்."

ஏழு பிள்ளைகள். இரண்டு வருஷப் புதன்கிழமைகள், ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாது.

"அவவின்ர வாசிப்பு நேரம் இன்னும் சும்மாதான் கிடக்கு. நான் ஒருத்தரையும் போடேல்ல."

"எனக்கு வாசிப்பு எல்லாம் படிப்பிக்கத் தெரியாது அன்ரி."

"என்னதான் தெரியும்?"

"லிப்ட்."

"நல்லதாப் போச்சு. இதுகள் ஒண்டும் லிப்டில ஏறினதே இல்லை. நாளைக்கு ஒன்பதரைக்கு வாங்கோ." புத்தகங்களைத் திரும்பவும் உன் பைக்குள் வைத்து, என் கையில் தந்தார்.

இப்போது அன்ரி வீட்டு விறாந்தையில் இருந்துதான் எழுதுகிறேன். ஏழு பேரும் வந்துவிட்டார்கள். ஒரு சின்னப் பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்து, "வாசிப்பு அன்ரி முதல்ல கதை சொல்லுறவ. நீங்கள் சொல்லுவீங்களோ?" என்றாள். எனக்கு முந்தி எங்கள் மகள் பதில் சொன்னாள்: "அப்பாவுக்குக் கதை ஒண்டும் தெரியாது. ஆனா லிப்ட் ஏன் விழாது எண்டு தெரியும்."

நீ கெட்டிக்காரி, உனக்கு எல்லாம் தானாக வந்தது என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். உனக்கும் தெரியாமல்தான் இருந்திருக்கிறது. தெரியாது என்று ஒருவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாய். உன்னிடமிருந்து இன்று அதைத்தான் எடுத்துக்கொண்டு வந்தேன்.

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கிறது. பிள்ளைகள் பாயில் இருந்துவிட்டார்கள். "பிள்ளை என்னோடதான் இருப்பாள்" என்று அக்காவுக்கு எழுதி அனுப்பினேன். போனை நிறுத்திவிட்டேன்.