வலது பக்கம் ஒரு சாண்

செப்டம்பர் 3, புதன்

இன்றும் டிரெய்லர் வரிசை அசையவில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்ணுக்கெட்டிய வரை லாரி. டிரைவர்கள் வண்டிக்கு அடியில் துண்டை விரித்துத் தூங்குகிறார்கள். கண்டெய்னர் யார்டு கேட்டில் உட்கார்ந்து அவர்களை உள்ளே விடுவதுதான் என் உத்தியோகம். உள்ளே இடம் இருந்தால்தானே விட? "இன்னா சார், நமக்கு எப்போ மோட்சம்?" என்று ஒரு டிரைவர் கேட்டார். கேட்டிலேயே உட்கார்ந்திருப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது.

வீட்டுக்கு வந்தால் ரூத்துக்கு மறுபடியும் இழுப்பு. மூன்று வயதுப் பிள்ளை. மூச்சுக்கு மூச்சு விலா எலும்பு உள்ளே போய் வருகிறது. மனைவி ஜானட் ஜன்னல்களை மூடி ஈரத்துணி தொங்கவிட்டிருக்கிறாள். எர்ணாவூரின் ஆலைப்புகைக் காற்றுக்குப் பயந்து எத்தனை நாள் ஜன்னலை மூடி வாழ்வது? மருந்து தருகிறேன், ஆனால் ஊரை மாற்றினால்தான் தீரும் என்று டாக்டர் போன மாதமே சொல்லிவிட்டார். ஊரை மாற்றுவது என்ன, சட்டையை மாற்றுவதா?

சாயங்காலம் சுஃபியான் கூப்பிட்டான். நுங்கம்பாக்கம் டென்னிஸ் ஸ்டேடியத்தில் கோர்ட் பராமரிப்பவன், பழைய தோஸ்து.

"சாவியோ மாமு, டேவிஸ் கோப்பைக்கு வர்ற வெளிநாட்டு டீமு பிராக்டிஸுக்கு ஒரு லெஃப்ட் ஹேண்டு கேக்குறாங்க. நம்ம திருமுருகன் எப்டி ஆடுவான்னு அப்டியே ஆடிக் காட்டணுமாம். உன்ன வுட்டா வேற யார் கீறான்?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

ஒத்துக்கொண்டேன். ஒரு வாரம் யார்டுக்கு லீவு. போட்டி முடியும் வரை இந்திய அணியில் யாரோடும் பேசக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

திருமுருகனும் நானும் ராயபுரத்தில் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் கோர்ட்டில் ஒன்றாக ஆடப் பழகியவர்கள். இரண்டு பேருக்கும் இடது கை. ஒரு வீட்டில் சோறு, ஒரு வீட்டில் குழம்பு என்று வளர்ந்தோம். அவன் இன்று இந்தியாவின் முதல் ஆட்டக்காரன். நான் மாநிலத்தோடு நின்றுவிட்டேன். பொறாமை இல்லையா என்றால், இருந்தது. பொறாமைப்பட்டுப் பட்டு அலுத்துவிட்டது.

ஜானட் கேட்டாள்: "அவன ஜெயிக்கறதுக்கு நீயே ஆடிக் காட்டப் போறியா?"

"வேலைக்குப் போறேன்" என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. அதுதான் குத்தியது.

செப்டம்பர் 8, திங்கள்

மாதா பிறந்தநாள். ஜானட் ரூத்தைத் தூக்கிக்கொண்டு பெசன்ட் நகர் கோயிலுக்குப் போனாள். பிள்ளைக்கு மூச்சு சரியானால் மெழுகில் செய்த நெஞ்சு காணிக்கை வைப்பதாக வேண்டுதல். நான் ஸ்டேடியத்துக்குப் போனேன்.

வந்திருப்பவர்கள் குளிர் தேசத்துக்காரர்கள். காலை வெயிலிலேயே அவித்த இறால் மாதிரி சிவந்துவிட்டார்கள். மொட்டைத்தலையோடு ஒரு கோச். அதிகம் பேசாதவர், எல்லாவற்றையும் பார்க்கிறவர். நான் திருமுருகனாக ஆடினேன். பந்தைத் தரையில் தட்டுவது, சட்டைத் தோளை இழுத்துவிடுவது, சர்வீஸை இடது கோடியில் வெட்டி வெளியே எறிவது, எல்லாம். அவனுடைய உடம்பில் வாடகைக்குக் குடிபோனது போல இருந்தது. நன்றாகவே இருந்தது என்று ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

ஒன்றை மட்டும் காட்டவில்லை.

எங்கள் சிமெண்ட் கோர்ட்டில் வடக்கு பார்த்து சர்வீஸ் போட்டால் கடல் வலது பக்கம். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று பந்தை இடது பக்கம் தள்ளிவிடும். அதனால் ஒரு சாண் வலது பக்கம் தள்ளியே பந்தைத் தூக்கிப் போடுவோம். காற்று அதைக் கொண்டுவந்து கையில் கொடுக்கும். வருஷக்கணக்கில் அப்படியே பழகிவிட்டது. வளர்ந்த பிறகு இரண்டு பேரும் அதைத் திருத்திக்கொண்டோம். ஆனால் நெருக்கடியில், ஒரு பாயிண்ட் போனால் எல்லாம் போச்சு என்கிற இடத்தில், திருமுருகனின் கை பழைய கோர்ட்டுக்கே போய்விடுகிறது. பந்து வலது பக்கம் போனால் வெட்டி வெளியே எறிய முடியாது. நடுக்கோட்டுக்குத்தான் போடமுடியும். எதிரில் இருப்பவனுக்கு அது தெரிந்தால் முன்னமே நகர்ந்து நின்றுகொள்வான். டிவியில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது கண்ணில் படும். இதுவரை யாரும் கவனித்ததில்லை. கவனிக்க, அந்தக் காற்றில் ஆடியிருக்க வேண்டும்.

எனக்கும் அதே கோளாறுதான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

கையைக் கட்டிவைத்து ஆடுவது, ஆடாமல் இருப்பதைவிடக் கஷ்டம்.

செப்டம்பர் 10, புதன்

ஆட்டம் முடிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது கோச் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருடைய ஊரில் நண்பர் ஒருவர் டென்னிஸ் பள்ளி நடத்துகிறாராம். அங்கே பிள்ளைகளுக்கு இடது கைக்காரனை எதிர்த்து ஆடத் தெரியவில்லையாம். வருகிறாயா, குடும்பத்தோடு வீடு தருவார்கள் என்றார். "போட்டி முடியட்டும், பேசுவோம்."

அந்த "முடியட்டும்" என்ன அர்த்தத்தில்? சும்மா சொன்னதா? இல்லை, போட்டி எப்படி முடிகிறது என்று பார்த்துவிட்டா?

வீட்டில் சொன்னேன். ஜானட் சம்பளம் கேட்கவில்லை, நாடு எங்கே இருக்கிறது என்றும் கேட்கவில்லை.

"அங்க காத்து எப்டி கீதாம்?"

செப்டம்பர் 11, வியாழன்

என்ன எழுதுவது.

ஆட்டத்தின் நடுவில் ஜானட் போன். ரூத்துக்கு உதடு நீலமாகிவிட்டது, ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போய்க்கொண்டிருக்கிறோம் என்று அழுகிறாள். கோச்சிடம் சொன்னேன். அவருக்கு ஆங்கிலம் அரைகுறை, எனக்கும் அப்படியே. புரிந்துகொள்வதற்குள் எதிரில் அவர்களுடைய முதல் ஆட்டக்காரன் என் சர்வீஸை வாங்கத் தயாராக நின்றான். கை தானாகப் பந்தைத் தூக்கிவிட்டது.

வலது பக்கம். ஒரு சாண்.

கோச் பார்த்துவிட்டார். கிட்ட வந்து கேட்டார்: "இது அவனுக்கும் உண்டா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். வீடு, காற்று, பிள்ளை எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"இல்லை. இது என் கோளாறு" என்றேன்.

என் கையிலிருந்து மட்டையை வாங்கிக்கொண்டார். பிறகு, போ, பிள்ளையைப் பார் என்றார்.

ரூத் முகத்தில் மூடி வைத்து மருந்துப்புகை கொடுத்தார்கள். இப்போது தூங்குகிறாள். வாய் பொய் சொல்லிவிட்டது, சரி. கை உண்மையைச் சொல்லிவிட்டதே, அதற்கு என்ன செய்வது?

செப்டம்பர் 12, வெள்ளி

ரூத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதே வீடு, அதே ஜன்னல்.

செப்டம்பர் 13, சனி

முதல் நாள் இரண்டு ஒற்றையர் ஆட்டம். ஆளுக்கு ஒரு வெற்றி. திருமுருகன் அவர்களுடைய இரண்டாவது ஆளை ஊதித் தள்ளிவிட்டான். நெருக்கடியே வரவில்லை, பந்தும் வலது பக்கம் போகவில்லை. ஆனால் நாளைக்கு அவர்களுடைய முதல் ஆளோடு ஆட வேண்டும். இன்று முழுக்க கோச் அவனுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து, நான் கோச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொறுக்க முடியவில்லை. சாயங்காலம் வெளியே டீக்கடைப் பக்கம் போய்த் திருமுருகனுக்குப் போன் போட்டேன். கையெழுத்தாவது மண்ணாவது.

"டேய் சாவியோ! அவங்ககூட ஆடிகினு கீறியாமே? கேள்விப்பட்டேன்."

"கோச்சுக்காத. ஒண்ணு சொல்றேன், கேளு. டைட்டா மாட்டிகினா நீ பந்த வலது பக்கமா தூக்கிப் போடுற. நம்ம கோர்ட்டு பழக்கம். அவங்க கண்டுகினாங்க."

"நெஜமாவா? எனக்கே தெரியாதே மாமு."

"நாளிக்கு பாத்துக்கோ."

"சரிடா" என்றான். "தேங்ஸ்டா" என்றான்.

வேலை போனாலும் போகட்டும். மனசு லேசாகிவிட்டது.

செப்டம்பர் 14, ஞாயிறு

தோற்றுவிட்டோம்.

காலையில் இரட்டையர் ஆட்டம் போய் அவர்கள் இரண்டுக்கு ஒன்று என்று முன்னால் இருந்தார்கள். திருமுருகன் ஜெயித்தால்தான் உண்டு. முதல் செட்டை எடுத்தான். ஸ்டேடியமே கிழிந்தது. இரண்டாவது செட்டில் முதல் தடவையாக நெருக்கடி வந்தது. பந்தைத் தூக்கினான். அடிக்காமல் பிடித்துக்கொண்டான். மறுபடி தூக்கினான், மறுபடி பிடித்தான். பிறகு தூக்கிய பந்தைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டே அடித்தான். வலையில். அடுத்ததும் வலையில்.

அதற்கப்புறம் சும்மா போட வேண்டிய சர்வீஸ்கூடப் போடத் தெரியவில்லை அவனுக்கு. ஒவ்வொரு முறையும் பந்தைத் தூக்கிப் போடும் தன் வலது கையைக் குனிந்து பார்த்தான், யாருடையதோ என்பது போல. இரண்டாவது செட் போச்சு. மூன்றாவதும் போச்சு.

எதிரில் இருந்தவன் நடுக்கோட்டுப் பக்கம் ஓர் அடிகூட நகரவில்லை. கடைசி வரை வழக்கமான இடத்திலேயே நின்றான். நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேனே.

செப்டம்பர் 15, திங்கள்

ஓட்டலுக்குக் கூப்பிட்டிருந்தார் கோச். பெட்டி கட்டிக்கொண்டே பேசினார். நேற்று உங்கள் ஆளுக்கு என்ன ஆயிற்று என்று எங்களுக்கே புரியவில்லை என்றார். பந்து வலது பக்கம் போகும் கதையைக் கேட்டேன். அவருக்கு ஞாபகமே வரவில்லை. வந்ததும் சிரித்தார். "உன் கோளாறு என்று நீதானே சொன்னாய். நண்பனைப் பற்றி நீ சொன்னதை நம்பினேன். அதை அத்தோடு விட்டுவிட்டோம்."

அப்புறம், வேலை உனக்குத்தான், தாள்கள் வரும் என்றார். முதல் நாளே முடிவு செய்துவிட்டாராம்.

போட்டுக் குடுத்தது நான்தான். அவங்களாண்ட இல்ல, அவனாண்டயே. தெரியாம நல்லா ஆடிகினு இருந்தவன் கைல பயத்த கொண்டு போய்க் குடுத்தேன். அய்யோ, இத்த எங்க போய் சொல்றது. ஜானட் சந்தோஷத்துல மாதா படத்துக்கு முன்னாடி முட்டி போட்டுகினு கீறா.

செப்டம்பர் 21, ஞாயிறு

திருமுருகன் வந்தான். எர்ணாவூர் வரைக்கும், ஒரு பை ஆப்பிளோடு. மாடிப்படி ஏறும்போதே பக்கத்து வீட்டுக்காரர்கள் செல்போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். உள்ளே வந்து ரூத்தை மடியில் வைத்துக்கொண்டான். அவள் நெஞ்சில் கை வைத்து, "இன்னா இது, உள்ள பூன கீதா?" என்றான். அவள் சிரித்தாள், இருமினாள்.

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"நீ சொன்னது கரீட்டுடா. அவன் நகந்துதான் நின்னான். நீ மட்டும் சொல்லலன்னா மொத செட்டே போயிருக்கும். மனசுல எதுவும் வெச்சுக்காத. வெளிநாட்டு வேல வந்துகீதுன்னு சுஃபியான் சொன்னான், அந்த வேலைக்கு போ."

நகர்ந்து நின்றானா? பயந்தவன் கண்ணுக்கு அப்படித் தெரிந்திருக்கும் போல. இல்லைடா என்று சொன்னால் நான் யோக்கியன், அவன் முட்டாள். சொல்லாவிட்டால் அவன் என்னைக் கும்பிட்டுக்கொண்டு இருப்பான். இரண்டு பக்கமும் கேட், இரண்டும் சாத்தியிருக்கிறது. ஜானட் டீ கொண்டுவந்தாள். நான் டீயைக் குடித்தேன்.

அக்டோபர் 30, வியாழன்

விசா வந்துவிட்டது. திருமுருகன் அடுத்த போட்டியிலும் முதல் சுற்றிலேயே தோற்றான். பேப்பரில் தோள் வலி என்று போட்டிருக்கிறது.

ஜனவரி 18, ஞாயிறு

இங்கே வந்து இரண்டு மாதம். ரூத்துக்கு ஒரு தடவைகூட இழுப்பு வரவில்லை. மெழுகு நெஞ்சை வைக்க ஊருக்கு எப்போது போவோம் என்று ஜானட் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஜன்னல் இங்கேயும் மூடித்தான் இருக்கிறது, குளிருக்கு. கோர்ட்டுக்கும் கூரை. காற்று என்பதே கிடையாது. அப்படியும் நேற்று ஒரு பிள்ளை கேட்டது, ஏன் பந்தை அந்தப் பக்கம் போடுகிறீர்கள் என்று.

அதற்கு மேல் தாங்கவில்லை. காலையில் திருமுருகனுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன்: "அவங்க கண்டுபிடிக்கவே இல்லடா. அவன் நகரவும் இல்ல. நான்தான் பயந்து போய் உன்னாண்ட சொல்லிட்டேன். நான் சொல்லாம இருந்தா நீ ஜெயிச்சிருப்ப."

பார்த்துவிட்டான் என்று நீலக்கோடு வந்தது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து பார்த்தால் பதில் இருந்தது.

"தெரியும்டா. மேட்ச் அன்னிக்கி நைட்டே வீடியோ போட்டுப் பாத்துட்டேன். அப்புறம்தான் உன் வூட்டுக்கு வந்தேன். கொழந்தைக்கு மூச்சு எப்டி கீது?"

ரூத் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கிறாள். சத்தமே கேட்கவில்லையே என்று எழுந்து போய்ப் பார்த்தேன். நன்றாகத்தான் தூங்குகிறாள். அவனுக்கு இன்னும் பதில் எழுதவில்லை.