உன் அம்மாவிடம் கேட்கப்பட்ட கேள்வி

திண்டுக்கல்,
18-01-2025, சனிக்கிழமை.

அன்பு மகள் சூர்யகலாவுக்கு அப்பா எழுதுவது. ஹாம்பர்க் குளிரில் நீயும் மாப்பிள்ளை மணிமாறனும் பேரன் தனுஷும் நோய்நொடியின்றி இருக்கப் பழனியாண்டவரை வேண்டுகிறேன். இங்கே காலைப்பனி இன்னும் விலகவில்லை. உன் சித்தி மகன் அழகுராஜாவுக்குக் கொடைரோட்டில் பெண் பார்த்திருக்கிறார்கள், தேதி முடிவாகவில்லை. தேதி இல்லாத செய்தியை எழுத எனக்குப் பிடிக்காது என்றாலும் சித்தி எழுதச் சொன்னாள். இதையெல்லாம் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். அதில் சொல்ல நா எழாத ஒன்று இருப்பதால்தான் இக்கடிதம்.

டிசம்பர் 27, வெள்ளிக்கிழமை நீ அழைத்தபோது, அம்மாவுக்குச் சாதாரணச் சளிக்காய்ச்சல், தூங்குகிறாள் என்றேன். அது பொய். அன்று அவள் அரசு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆக்சிஜன் வைத்துக் கிடந்தாள். வந்தது உண்ணிக்காய்ச்சல். ரெட்டியார்சத்திரத்து நம் மல்லிகைத் தோட்டத்தில், மழைக்குப் பின் மண்டிய புல்லில், கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்திருக்கிறது. கடித்த இடம் கறுத்துப் பொருக்குத் தட்டுமாம். அதைத் தொடக்கத்திலேயே கண்டுவிட்டால் பெரும்பாலும் மாத்திரையிலேயே குணமாகிவிடுமாம். 21-ஆம் தேதி, சனிக்கிழமை, நம் தெரு மருத்துவர் கேட்கத்தான் செய்தார். "ஏம்மா, ஒடம்புல எங்கயாச்சும் கறுப்பா பொருக்கு இருக்கா?" என்று அவளைப் பார்த்துத்தான் கேட்டார். அவள் வாய் திறக்குமுன், அப்படி எதுவும் இல்லை என்று நான் சொல்லிவிட்டேன். திருமணமான நாள் முதல் எந்த மருத்துவரிடமும் அவளுக்காக நானே பேசி வந்தவன்; காய்ச்சல் தொடங்கிய தேதி, வேளை எதுவும் பிசகாமல் சொல்வேன் என்ற கர்வம். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "செத்த சும்மா இரு" என்று அதட்டினேன். புண் அவள் மார்புக்குக் கீழே இருந்தது. மகளுக்கு இதை எழுதக் கை கூசுகிறது, ஆயினும் எழுதத்தான் வேண்டும்.

25-ஆம் தேதி மூச்சு வாங்கத் தொடங்கியதும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினேன். அங்கேயும் நான் முந்திக்கொண்டு பேச, செவிலியர் "ஐயா, நீங்க செத்த வெளிய நில்லுங்க" என்று திரையை இழுத்துவிட்டார். சற்று நேரத்தில் பொருக்கைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அங்கே அவளைப் பார்த்த பெண் மருத்துவர் என்னிடம் கோபப்படவில்லை, அதுதான் தாங்கவில்லை. மழை முடிந்தால் வருடந்தோறும் இந்த வார்டு இப்படித்தான் நிறைகிறது என்றும், பூப்பறிப்பவர்களும் புல்லறுப்பவர்களுமே அதிகம் என்றும், இதே காய்ச்சலுக்கு ஆண்கள் நடந்து வருகிறார்கள், பெண்களைத் தூக்கி வருகிறார்கள் என்றும் சொல்லி, "அது ஏன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க ஐயா" என்று போய்விட்டார். அம்மாவைச் சாதாரண வார்டுக்கு மாற்றியபின் பக்கத்துக் கட்டிலில் இருந்த ராக்கம்மாள், "ஏத்தா, ஒன் வீட்டுக்காரரு ஒனக்குப் பதிலா ஊசியும் போட்டுக்கிருவாரா?" என்று கேட்க, வார்டே சிரித்தது. உன் அம்மாவும் சிரித்தாள். நான் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் வாங்கப் போவதுபோல் வெளியேறினேன்.

ஜனவரி 4 அன்று வீடு திரும்பியபின், புண்ணை என்னிடமாவது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க இல்லைன்னு சொல்லிட்டீங்க. பெறகு நான் இருக்குன்னா டாக்டர் முன்னாடி ஒங்க மொகம் என்னத்துக்கு ஆகும்?" என்றாள். என் முகத்துக்காக உயிரையே விடப் பார்த்தாள், சூர்யா. இரவில் இந்த வார்த்தை என்னை உறங்க விடுவதில்லை. உன்னிடம் மறைத்ததற்கும் சேர்த்து நீ கோபித்தால் ஏற்றுக்கொள்கிறேன்.

தோட்டத்துப் புல்லை, வேலைக்கு வரும் அய்யனாரைக் கொண்டு வெட்டியாகிவிட்டது. உனக்கு ஒன்று சொல்வேன்: நீ மருத்துவரிடம் போகும்போது மாப்பிள்ளையை வெளியே உட்கார வை. நல்லவர்தான், நானும் நல்லவன் என்றுதான் நினைத்திருந்தேன்.

நேற்று மறுபரிசோதனை. நான் உள்ளே போகவில்லை, வராந்தாவில் நின்றேன். அம்மா வெகுநேரம் பேசினாள், ஒருமுறை சிரித்த சத்தமும் கேட்டது. வெளியே வந்ததும் என்ன சொன்னாய் என்று கேட்டேன். "அது எனக்கும் டாக்டரம்மாவுக்கும்" என்று சொல்லிவிட்டு டவுன் பஸ்ஸை நோக்கி நடந்தாள். நான் பின்னால் நடந்தேன்.

ஆகவே அவள் எப்படி இருக்கிறாள் என்பதை நான் இதில் எழுதவில்லை. இக்கடிதம் கிடைத்தபின் வரும் ஞாயிறன்று நீ அழைக்கும்போது தொலைபேசி அவள் கையில் இருக்கும். அவளையே கேள்.

மூவரும் நீடூழி வாழ ஆசி கூறும்,
உன் அப்பா,
பொ. உடையப்பன்.