தமிழினி பலகையில் படித்த வரி

அன்பு மகன் ஜெயப்பிரகாஷுக்கு, ஆம்பூரிலிருந்து அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, உன் மனைவி ஜமுனா, குழந்தை தமிழினி நால்வரும் இருக்கிறபடி இருக்கிறோம். எத்தியோப்பியாவில் உனக்கும் ஒரு குறையும் இருக்காது, இருந்திருந்தால் நீயே போன் செய்திருப்பாய். நாங்கள் செய்தால்தான் உனக்குச் சிக்னல் கிடைப்பதில்லை. அதனால் உன் கம்பெனிக்கே வேலைக்குக் கிளம்பும் ஹயாத் பாஷா மகனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், கடிதத்தை உன்னால் பாதியில் துண்டிக்க முடியாது பார். அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கம்மியாகியிருக்கிறது. ஜமுனா வழக்கம்போல் ஷூ கம்பெனியில் தையலுக்குப் போய் வருகிறாள், உன்னைப் பற்றி இப்போதெல்லாம் அவள் எதுவும் கேட்பதில்லை.

பள்ளிக்கூடத்து மீட்டிங்கில் நீ போனை வைத்த பிறகு நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன். டாக்டர் ஆட்டிசம் என்று சொன்ன பிள்ளையை நான்காம் வகுப்பில் வைத்துக்கொள்ள முடியாது, வாயே திறப்பதில்லை, ஓர் எழுத்தும் தெரியாது, சிறப்புக் குழந்தைகள் சென்டருக்கு அனுப்புங்கள் என்று தலைமையாசிரியர் சொன்னதும், வீட்டில் பேப்பரே படிக்கிறாள் என்று ஜமுனா அழுததும், முன்பு கூடியபோதெல்லாம் கூச்சலில் முடிந்ததும் உனக்குத் தெரியும். அதனால்தான் சிறப்பாசிரியை ஜஹீதா இந்த முறை காட்பாடியிலிருந்து ஃபரீதா என்ற அம்மாவை நடுவில் இருக்கச் சொல்லி வரவழைத்தாள். அவர் பள்ளிக்கூடத்து ஆளும் இல்லை, நம் ஆளும் இல்லை. தீர்ப்பு சொல்ல மாட்டார். ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் வாய் திறக்கக் கூடாது, பேசியதைப் பேசியவர் பெயர் போட்டுப் பலகையில் எழுதுவார், அவ்வளவுதான் அவர் வேலை. பள்ளிக்கூடம் கூப்பிட்டால் பள்ளிக்கூடத்துக்குத்தானே பேசுவார் என்று நான் நினைத்தேன். அவரோ குழந்தையும் அறையில் இருக்க வேண்டும் என்றார், தமிழினிக்கு என்ன பிடிக்கும் என்று எல்லோரையும் கேட்டார். சத்துணவுத் தட்டுகளை அளவு பார்த்து அழகாக அடுக்குவாள் என்று சொன்னது யார் தெரியுமா, அந்தத் தலைமையாசிரியர். அதைக் கேட்டு ஜமுனாவின் முகம் தளர்ந்தது. இரண்டு பக்கமும் இறங்கி வந்துகொண்டிருந்த அந்த நேரத்தில்தான் அப்பாவின் கருத்தும் வேண்டும் என்று உனக்குப் போன் போட்டார்கள்.

நீ சொன்னது உனக்கு மறந்திருக்கலாம். பேஜாரா இருக்கு மேடம், அவளுக்கு இன்னா புரியும், எங்க அனுப்பினாலும் ஒண்ணுதான் என்றாய். பாப்பா இதே ரூம்ல இருக்கா சார், நீங்க சொன்னத அப்படியே எழுதட்டுமா என்று அவர் மரியாதையாகக் கேட்டார். எழுதிக்கோங்க, எனக்கு ஷிஃப்ட் இருக்கு என்றாய். அவர் அப்பா என்று போட்டு, அவளைப் பற்றி நீ சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் எழுதினார். மூலையில் தட்டு அடுக்கி விளையாடிக்கொண்டிருந்த தமிழினி எழுந்து போய்ப் பலகையில் விரலை வைத்தாள். அப்பா, அவளுக்கு இன்னா புரியும், எங்க அனுப்பினாலும் ஒண்ணுதான் என்று உரக்கப் படித்தாள். எழுத்துக் கூட்டவில்லை, ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் குரலை எல்லோரும் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான். தலைமையாசிரியர் போனைக் கையில் எடுத்து, சார், லைன்ல இருக்கீங்களா, உங்க பொண்ணு படிக்கிறா சார் என்றார். நீ இல்லை. ஜமுனா அழவில்லை, பேச்சை மேலே நடத்துங்கள் என்றாள்.

தமிழினி அதே வகுப்பிலேயே இருக்கிறாள். வாயால் பதில் கேட்பதில்லை, எழுதிக் காட்டினால் போதும் என்று முடிவாயிற்று. சத்தம் தாங்காதபோது ஜஹீதா வெளியே அழைத்துப் போவாள். எந்த வாயால் அவளை விரட்டப் பார்த்தாயோ அதே வாய்தான் அவளுக்கு இடம் வாங்கிக் கொடுத்தது, அதற்கு உனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று உன் அம்மா சொல்கிறாள், நான் சொல்ல மாட்டேன். ஏனென்றால் குழந்தை அந்த வரியை விடவில்லை. சாப்பிடும்போதும் தலை வாரும்போதும் கோபமோ அழுகையோ இல்லாமல் அதையே சொல்கிறாள். உன் அம்மா காதைப் பொத்திக்கொள்கிறாள். வேறொரு வாக்கியம் மனசில் பதிந்தால் இது போய்விடும் என்கிறாள் ஜஹீதா. நல்ல வாக்கியம் ஒன்று உன்னிடம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை, அதனால் பொங்கலுக்கு நீ வர வேண்டாம். ஜமுனாவும் அதையேதான் சொன்னாள், எழுதச் சொன்னதும் அவள்தான்.

கண்ட எண்ணெயில் பொரித்ததைத் தின்னாதே, உனக்கு வயிறு ஆகாது. தீர்க்காயுசாக இரு, அவள் வளர்ந்து நிற்பதைத் தூரத்திலிருந்தாவது நீ பார்க்க வேண்டும். அடுத்த மீட்டிங்குக்கு முன்னால் ஃபரீதா அம்மா உன்னைக் கூப்பிடுவார், போனை எடு. தாய் தகப்பன் இருவரையும் கேட்டாக வேண்டுமாம், மரியாதையாகத்தான் பேசுவார். அவர் யார் பக்கமும் சாயக் கூடாது. எனக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை, நான் தமிழினி பக்கம்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அப்பா,
கோ. தனகோடி