அடையாறு போய் வந்த போர்வை

நவம்பர் 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கொடியில் கிடக்கும் துணி மூன்று நாளாகக் காயவில்லை.

தெருக்கோடித் தையல்காரர் இரண்டு பை வெட்டுத்துணி எடுத்து வைத்திருந்தார். போன வருஷம் தீபாவளிக்கு ஒரு பைதான். பெண்கள் எல்லாம் சுடிதாருக்கு மாறிவிட்டார்களாம், அதனால் வெட்டு அதிகமாம். நல்லது. மாறட்டும்.

துண்டு சேர்த்துத் தைக்கிற அடுத்த போர்வைக்காக மத்தியானம் முழுக்கத் தரையில் பரப்பிப் பிரித்தேன்.

வைத்துக்கொண்டது: மாம்பழ மஞ்சள் வாயல் துணி, மயில்கழுத்துக் காட்டன், சுங்குடிப் புள்ளி (உள்ளங்கை அகலம்தான், ஆனாலும்), வெள்ளையில் கறுப்புக் கட்டம்.

தள்ளியது: பாலியஸ்டர் அத்தனையும். காட்டனோடு சேர்த்தால் முதல் சலவையில் காட்டன் சுருங்கும், அது சுருங்காது. போர்வை சுட்ட அப்பளம் மாதிரி ஆகிவிடும். முதல் போர்வையில் பட்டாயிற்று.

யோசிக்க வேண்டியது: ஒரு மெரூன். மூலையை நனைத்து வெள்ளை வேட்டியில் தேய்த்துப் பார்த்தேன். சாயம் விட்டது. அழகாக இருப்பதெல்லாம் இப்படித்தான் செய்கிறது.

துண்டுகளை அளவாக வெட்டப் பழைய காலண்டர் அட்டையில் புது அச்சு வெட்டினேன். நாலு விரல் சதுரம்.

இது பதினொன்றாவது. பத்துப் போர்வையும் பத்து வீட்டில். இது யாருக்கு என்று இன்னும் தெரியவில்லை. துணி கிடைக்கிறது, கொடுக்கத்தான் வீடு குறைந்துகொண்டே போகிறது.


நவம்பர் 9, புதன்

மழை இல்லை. வாசல் குழாயில் தண்ணீர் வந்தது.

கடைக்கு: து.பருப்பு அரை கிலோ, தே.எண்ணெய், கொசுவத்தி. ஒத்தை ஆளுக்கு எதற்கு அரை கிலோ என்று அண்ணாச்சி கேட்டார். "எனக்குள்ள ரெண்டு பேரு இருக்காங்க அண்ணாச்சி. ஒருத்தி சமைப்பா, இன்னொருத்தி குறை சொல்லுவா" என்றேன். கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எதிர் போர்ஷன் இன்னும் பூட்டு. லீலா வீடு மாறிப் போய் ஆறு மாதம். பதினெட்டு வருஷம் கதவுக்குக் கதவு. எனக்குப் பிள்ளை இல்லை. அவள் பிள்ளை பாபு ரசம் என் வீட்டிலும் கூட்டு அவன் வீட்டிலும் சாப்பிட்டு வளர்ந்தான். என் வீட்டுக்காரர் போன ஐந்து வருஷமாக எனக்கு நாள் கிழமை என்றால் அந்த வீடுதான். பாபு லோன் போட்டு அடையாறில் ஃப்ளாட் வாங்கினான். பால் காய்ச்சிய அன்று என் ஒன்பதாவது போர்வையை லீலா கையில் கொடுத்தேன். எட்டு மாத வேலை. அவள் காப்பிப்பொடிக் கலர் கட்டம்போட்ட சேலை, பாபுவின் காக்கி டிராயர், நடுவில் என் வீட்டுக்காரருடைய நீலக்கோடு சட்டை. நாலு பேர் முன்னால் கட்டிப்பிடித்து அழுதாள்.

ஆவணியில் பாபு கல்யாணத்தில் பார்த்தது. மண்டபத்தில் பேச நேரம் ஏது. தீபாவளிக்கு வருவார்கள் என்று முறுக்கு பிழிந்தேன். டப்பாவில் பாதி அப்படியே.

மஞ்சளுக்குப் பக்கத்தில் மயில்கழுத்து வைத்தேன். எடுத்தேன். மறுபடி வைத்தேன்.


நவம்பர் 11, வெள்ளி

வெயில். துணி காய்ந்தது.

பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிற மணி வந்தார். தீபாவளி முடிந்தால் அவருக்குத்தான் நிஜமான தீபாவளி. மூட்டையைத் தாங்க முடியாமல் வந்தார். "கலெக்டர் ஐயா, மாமூல் காப்பி இருக்கு" என்றேன். எப்போதும் போல மூட்டையை வாசலில் அவிழ்த்துவிட்டு, காட்டன் எல்லாம் அடியில் இருக்கிறது, பொறுக்கிக்கொள் என்று காப்பியைக் கையில் எடுத்தார்.

அடியில் கைவிட்டேன். கனமாக ஒன்று தட்டியது. இழுத்தேன்.

பார்ப்பதற்கு முன்னாலேயே விரலுக்குத் தெரிந்துவிட்டது. ஓரத்தை இரண்டு மடிப்பு மடித்து, முடிச்சை உள்பக்கம் தள்ளித் தைக்கிறவள் இந்த ஊரில் வேறு யார்?

எங்கே கிடைத்தது என்று கேட்டேன். குரல் ஒழுங்காகத்தான் வந்தது.

"அடையார்ல யக்கா. புச்சா கட்ன ஃப்ளாட்டு, மூணாவது மாடி. சின்ன வயசுப் பொண்ணு. நாலு பொடவை, ரெண்டு பேண்ட்டு, கூட இத்தையும் போட்டுது. மூடி போட்ட தூக்கு ஒண்ணு வாங்கினு போச்சு."

இதை என்ன செய்வீர் என்றேன். ஒர்க் ஷாப்புக்குப் போகுமாம். கிரீஸ் துடைக்க. "அஞ்சாறு மடிப்பு கீது பாரு, நல்லா உறிஞ்சும்" என்றார். என் வேலைப்பாட்டை இதுவரை யாரும் இப்படிப் பாராட்டியதில்லை.

எனக்கு வேண்டும் என்றேன். பாத்திரம் கொடுத்தால் துணி தருகிறேன், ரூல்ஸ் ரூல்ஸ்தான் என்று சிரித்தார். உள்ளே போய்ப் பெரிய எவர்சில்வர் சம்புடத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். "இன்னா யக்கா, இந்தக் கோணிக்கா இத்தை குடுக்கற?" என்று அவரே பதறினார். என்னுடையது என்று சொல்லவில்லை.

பாச்சை உருண்டை வாசனை. ஒருதரம்கூடப் போர்த்தின சுருக்கம் இல்லை.


நவம்பர் 12, சனி

மேகமூட்டம். தலைவலி.

கொடுத்தது பாபு பெண்டாட்டி கவிதா. அதில் சந்தேகமில்லை. அவளை மன்னிக்கலாம், நேற்று வந்தவள். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். லீலாவுக்குத் தெரியுமா? அவள் போடச் சொல்லி இவள் போட்டாளா?

தெரியாது என்றால் ஒன்றும் ஆகவில்லை. தெரியும் என்றால் பதினெட்டு வருஷமும் மூட்டையில் போன மாதிரிதான்.

நாளைக்கு அடையாறு போகிறேன். போர்வையைக் கொண்டு போவதா வேண்டாமா? கொண்டு போனால் சண்டை. கொண்டு போகாவிட்டால் நாடகம். நாடகம் பரவாயில்லை.

வாங்க வேண்டியது: கதம்பம் இரண்டு முழம், சாத்துக்குடி. முறுக்கு எடுத்துப் போக வேண்டாம். சிக்கு வாடை.


நவம்பர் 13, ஞாயிறு

பஸ்ஸில் இடம் கிடைத்தது. பாலத்தில் ஜன்னல் காற்று.

லிஃப்டில் ஏறப் பயந்து மூன்று மாடி நடந்தேன். லீலா கதவைத் திறந்து, இப்போதுதான் உன்னை நினைத்தேன் என்றாள். "மயிலாப்பூர்லேந்து அடையாறுக்கு ஒரு நெனப்பு வந்து சேர ஆறு மாசமா? நடந்தே வந்திருக்கலாமே" என்றேன். சிரித்தாள். கொஞ்சம் பூசினாற்போல் ஆகியிருக்கிறாள். பாபு ஆபீஸ் வேலையாகப் பெங்களூர் போயிருக்கிறானாம். கவிதா காப்பி கொண்டுவந்தாள். ஒல்லி, பெரிய கண். என்னை ஆன்ட்டி என்கிறாள். சமையலறை மேடையில் மூடி போட்ட தூக்கு பளபளவென்று இருந்தது. பார்க்காத மாதிரி பார்த்தேன்.

அரைமணி நேரம் தண்ணீர், வேலைக்காரி, மாவு மெஷின் என்று பேச்சு. அப்புறம் கேட்டேன், அந்தப் போர்வையில் பச்சை சாயம் விட்டதா பார்க்க வேண்டும், எடு என்று.

லீலா சந்தோஷமாக எழுந்தாள். அந்த எழுந்த வேகத்திலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. அவளுக்குத் தெரியாது. பீரோவைத் திறந்தாள். கீழ்த்தட்டு, மேல்தட்டு. கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டி. நாற்காலி போட்டு லாஃப்டில் எட்டினாள். இங்கேதான் வைத்தேன், கண் திருஷ்டி படும் என்று யாருக்கும் காட்டாமல் வைத்தேன் என்று புலம்பினாள். கண் கலங்கிவிட்டது. வேலைக்காரி மேல் சந்தேகம் போயிற்று. பிறகு திரும்பி, "கவிதா, நீ எங்கயாச்சும் பாத்தியா?" என்றாள்.

கவிதா சமையலறை நிலைப்படியில் நின்றாள். கண்ணாடி டம்ளரை உடைத்த அன்று பாபு இப்படித்தான் நின்றான்.

வாய் தானாகப் பேசியது.

"அடியே, அது எங்கிட்ட இருக்கு. போன வாரம் நீ கோயிலுக்குப் போயிருந்தப்போ வந்தேன். ஓரம் விட்டிருந்துச்சு, தைக்க எடுத்துக்கிட்டுப் போனேன். உங்கிட்ட சொல்லாதேன்னு இவகிட்ட நான்தான் சொன்னேன். நீ தேடுறியா பாக்கலாம்னுதான்."

லீலா சாத்துக்குடித் தோலை என் மேல் எறிந்தாள். என் உயிரே போய்விட்டது, உன் கிண்டல் சாகிறவரை போகாது என்றாள். வந்தவள் என்னைப் பார்க்காமல் ஏன் போனாய் என்றாள். உன் மூஞ்சியைப் பதினெட்டு வருஷம் பார்த்தது போதாதா என்றேன். மூன்று பேரும் சிரித்தோம். கவிதா கொஞ்சம் தாமதமாக.

பஸ் ஸ்டாப் வரை கவிதாவே கூட வந்தாள். பாதி தூரம் போனதும், "யாரோ தச்சுக் குடுத்ததுன்னு தெரியாது ஆன்ட்டி. அத்தை பழசு எதையுமே தூக்கிப் போட மாட்டாங்க. இதுவும் அப்படி ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு வச்சதுன்னு நெனச்சேன்" என்றாள். பொய் இல்லை. பார்த்தால் அப்படித்தான் இருக்கும். ஒட்டுப் போட்டதுதானே.

தூக்கு நல்ல தூக்கா என்று கேட்டேன். மூடி சரியாக உட்காரவில்லையாம். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, ரோட்டில் நின்றுகொண்டு.

"சனிக்கிழமை நானே வந்து போர்வைய வாங்கிக்கிறேன் ஆன்ட்டி. உங்க வீட்டையும் பாத்த மாதிரி இருக்கும்."

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். கால் வலி தெரியவில்லை.


நவம்பர் 14, திங்கள்

தூறல்.

ஒரு சிக்கல். ஓரம் விட்டது என்று சொல்லிவிட்டேன். நாலு பக்கமும் தடவிப் பார்த்தேன், ஒரு தையல்கூட விட்டிருக்கவில்லை. லீலா பார்த்தால் கண்டுபிடிப்பாள், என் தையல் அவளுக்குத் தெரியும். கத்தரிக்கோல் நுனியால் ஒரு முழம் ஓரத்தை நானே பிரித்தேன். நல்ல தையல். லேசில் வரவில்லை. என்னையே திட்டிக்கொண்டேன்.

இப்போது பொய் இல்லை. ரிப்பேருக்கு வந்த போர்வைதான்.

பதினொன்றாவதை மூட்டை கட்டி வைத்தேன்.


நவம்பர் 16, புதன்

சனிக்கிழமைக்கு:
வாசல் பல்பு மாற்ற வேண்டும்.
வாழைக்காய், க.மாவு. பஜ்ஜி போடலாம். சின்னப் பெண், பிடிக்கும்.
நாற்காலியில் கிடக்கும் துணியை எடுக்க வேண்டும். உட்கார இடம் இல்லை.
பாபு சின்ன வயசு போட்டோ எங்கே?

காக்கி டிராயர் துண்டு வரும் இடத்தைக் காட்டி, இவன் மரத்தில் தொங்கிக் கிழித்தது என்று சொல்ல வேண்டும். புருஷனைக் கிண்டல் செய்ய அவளுக்கும் நாலு விஷயம் வேண்டுமே.


நவம்பர் 18, வெள்ளி

கார்த்திகை. சாயங்காலம் மழை விட்டது, நல்ல வேளை. எங்கள் வரிசையில் எல்லா வாசலிலும் விளக்கு. எதிர் போர்ஷன் வாசல் இருட்டாக இருந்தது. நானே இரண்டு அகல் ஏற்றி அங்கே வைத்தேன். காற்றுக்கு ஒன்று அணைந்தது. மறுபடி ஏற்றினேன்.

வாழைக்காய் வாங்கியாயிற்று. பல்பும்.


நவம்பர் 19, சனி

நல்ல மழை. பத்து மணிக்கு மாவு கரைத்தேன். பதினோரு மணிக்கு வாழைக்காய் சீவி உப்புத் தண்ணீரில் போட்டேன். மழைக்காக வாசல் கதவு பாதி திறப்பு. இரண்டு தரம் யாரோ குடையோடு வந்தார்கள். மாடிக்கு.

மூன்று மணிக்கு அண்ணாச்சி கடையிலிருந்து ஆள் வந்து, போன் என்றான். குடை எடுக்காமல் ஓடினேன்.

லீலா. கவிதாவின் அம்மா வந்திருக்கிறார்களாம், அவள் வர முடியாதாம். அடுத்த சனி வரட்டும் என்றேன்.

"இந்த மழையில எதுக்கு சரோ? அவசரமே இல்ல. இங்க வைக்கவும் எடமில்ல, பீரோ வேற ரொம்பிப் போச்சு. உங்கிட்டயே இருக்கட்டும். உங்கிட்டன்னா பத்திரமா இருக்கும்."

சரி என்றேன். அவள் பிரியமாகத்தான் சொன்னாள். அவள் குரல் எனக்குத் தெரியாதா. அதுதான் கஷ்டம்.

கடையில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஏதாவது சொல்லுவேன் என்று அண்ணாச்சி சிரிக்கத் தயாராக நின்றார். "வாடகை வசூல் பண்ணணும் அண்ணாச்சி, அடுத்தவங்க சாமானையெல்லாம் நம்ம வீட்டுல வைக்கிறாங்க" என்றேன். சிரித்தார்கள்.

நனைந்து வந்தேன். மாவு கெட்டியாகிவிட்டது. நாலு பஜ்ஜி போட்டேன். இரண்டு தின்றேன்.

பிரித்த ஓரத்தைத் தைக்க உட்கார்ந்தேன். ஒரு முழம்தான், அரைமணி நேர வேலை. நாலு விரல் அளவு தைத்தேன். கை நின்றது. முடித்துவிட்டால் இது வெறும் போர்வை, யாரும் வந்து கேட்காத போர்வை. முடிக்காத வரை ரிப்பேரில் இருக்கிறது. ரிப்பேருக்குக் கொடுத்ததை என்றைக்காவது வந்து வாங்கித்தானே ஆக வேண்டும்.

ஊசியை அங்கேயே குத்தி வைத்தேன்.