அவர்கள் வண்டி

மார்ச் 4, செவ்வாய்
கருத்தரங்கக் கட்டுரை நகரவில்லை. 'உயிரைக் காப்பதாகச் சொல்லித்தான் அரசு நம் கைகளைக் கட்டுகிறது. பிறகு அதனிடமிருந்து காப்பது யார்?' — இதோடு நிற்கிறது.
கேளம்பாக்கத்திலிருந்து அண்ணன் போன். ஷேர் ஆட்டோ இரைச்சலுக்கு நடுவே: "இன்னா பாப்பா, கவர்மெண்ட்ட கவுத்துட்டியா?"

மார்ச் 5
அண்ணனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. மாமல்லபுரம் பார்க்க அவன் ஆட்டோவில் வந்த பெண்ணின் சங்கிலி காணோமாம். எந்த ஸ்டேஷன்? சொல்லவில்லை. அம்மா அழுகிறாள்: "சட்ட கூட மாட்டவுடல."

மார்ச் 6
கண்டுபிடித்தோம். ஸ்டேஷன் ரைட்டர் கேட்டார்: "நீ இன்னா படிக்கிற?"
"அரசியல் தத்துவம்."
"அப்போ உனக்கே தெரியும். சும்மா விசாரணைதான். போய் நாஸ்தா துன்னுட்டு வா."
உள்ளே ஒரு அலறல். அம்மா சத்தமாக ஜெபிக்கத் தொடங்கினாள். அவனுக்காகவா, அது காதில் விழாமலிருக்கவா?

மார்ச் 7
செங்கல்பட்டு கோர்ட். இன்று காலைதான் கைது செய்ததாகப் பதிவு. வலது கையில் மாவுக்கட்டு. பாத்ரூமில் வழுக்கி விழுந்தானாம்.
வராந்தாவில் அவன் காதில் சொன்னேன்: மாஜிஸ்ட்ரேட் கேட்பார். பயப்படாமல் சொல்லு.
கேட்டார். கனிவாகவே. "போலீஸ் அடிச்சாங்களா?"
"இல்லீங்க ஐயா."

மார்ச் 10
ஜெயில். கம்பிவலைக்கு இப்பால் நான். "ஏன்ணா சொல்லல? ஏன் சொல்லல நீ?" — கத்திவிட்டேன்.
"கத்தாத. அவரு கேட்டாரு, ரைட்டு. கேட்டுட்டு அவரு வூட்டுக்குப் பூடுவாரு. நீயும் வூட்டுக்குப் பூடுவ. நான் அவங்க வண்டிலதான திரும்பிப் போவணும்?"
அந்தப் போலீஸ் வண்டியை நான் யோசிக்கவே இல்லை. தைரியமாகப் பேசு என்றேனே — யார் எலும்பை நம்பி?

மார்ச் 19
ஜாமீன். சங்கிலி அந்தப் பெண்ணின் பைக்குள்ளேயே கிடைத்துவிட்டது. ஆனாலும் வழக்கை முடிக்க நாளாகுமாம். அதுவரை தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்து.
கட்டுப் போட்ட கையைக் காட்டினான். "அதுக்கின்னா, இடது கையால போடு" என்றார் ரைட்டர்.

மார்ச் 24
கட்டுரை கொடுக்கவில்லை. அவகாசம் கேட்கவுமில்லை.

ஏப்ரல் 17
கட்டு பிரித்தாயிற்று. முழங்கையை நீட்ட முடியவில்லை. ஆட்டோவை வேறு யாரோ ஓட்டுகிறார்கள்.
கையெழுத்துக்கு நானும் கூடப் போனேன். புதிதாக மாற்றலாகி வந்த இன்ஸ்பெக்டர். அண்ணன் கையைப் பார்த்து உண்மையாகவே கேட்டார்: "என்னப்பா ஆச்சு?"
அவன் வாய் திறப்பதற்குள் நான் சொன்னேன்:
"பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டாருங்க ஐயா."
திரும்பும் பஸ்ஸில் அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலோர சீட்டை மட்டும் எனக்கு விட்டுக்கொடுத்தான்.