நாய் உட்கார்ந்த இடம்

ஆடி மாதம், செவ்வாய்.

செல்வியை இன்று மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்க வேண்டும். என் பிள்ளைக்கு இதயத்தில் ஓட்டை. நாடு முழுக்க உச்சகட்ட எச்சரிக்கை என்று நேற்று டிவியில் சொன்னபோது, அது டெல்லிக்காரர்களுக்கு என்று நினைத்துவிட்டேன்.

சாத்தூர் ஸ்டேஷனில் போலீஸ் நாய் என் வயர்கூடை பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. வெடிமருந்து வாசம் பிடித்தால் அப்படி உட்காருமாம். நான் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனிக்குத் தினமும் சோறு கொண்டுபோகும் கூடை. எனக்குப் புத்தி வேண்டாமா?

"அப்படி என்னய்யா ஆபத்து?" என்று போலீஸ்காரரிடம் கேட்டேன்.

"எங்களுக்கே சொல்லமாட்டாக. உஷாரா இருக்கணும்னு மட்டும்தான் உத்தரவு."

"எப்ப முடியும்?"

"அதையும் சொல்லமாட்டாகம்மா."

கூடையை அவரிடமே விட்டுவிட்டு ரயிலைப் பார்க்க நடந்தேன். நாய் பின்னாலேயே வந்து செல்வியின் தலையை முகர்ந்து, அவள் பக்கத்திலும் உட்கார்ந்தது. காலையில் நான்தான் அவளுக்குச் சடை பின்னினேன். விசாரித்து முடிப்பதற்குள் ரயில் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமை வரச் சொல்கிறார்கள். பஸ் ஸ்டாண்டிலும் நாய் நிற்கிறதாம். சீயக்காய் போட்டு அவள் தலையை அலசி அலசிப் பார்த்தேன். என் கையில் இன்னும் பட்டாசு மருந்து வாசம். வேறு யாரையாவது பின்னிவிடச் சொல்லலாம். ஆனால் இந்தத் தெருவில் மருந்து படாத கை யாருக்கு இருக்கிறது?